தலைவருக்கு நான் சொல்லாத செவன்டி த்ரீ

முதலில் நான் செய்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்வார்கள் என்று காத்திருந்து பார்த்தாகிவிட்டது.

பம்புசெட் மோட்டாருக்குச் சுற்றி மிஞ்சிய செம்புக் கம்பியை இரண்டு தென்னைமரங்களுக்கு நடுவில் இழுத்துக் கட்டி, அதை வைத்து ஜப்பான்காரனோடு பேசியவன் நான். ஆக்சா பிளேடை ஒடித்து, மரக்கட்டையில் ஆணி அடித்து, மோர்ஸ் தந்தி தட்டும் சாவி செய்தவன் நான். போர்வெல்லில் இருந்து கழற்றிப் போட்ட இரும்புக் குழாய்களைக் கொண்டு மொட்டைமாடியில் ஏரியல் கம்பம் நிறுத்தியவன் நான். ஆடிக்காற்று எதிர்வீட்டுத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போன அன்றைக்கும் என் கம்பம் அசையவில்லை. இங்கிலீஷில் கேள்வித்தாள் கொடுத்த லைசன்ஸ் பரீட்சையை, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதித் தேறினேன். மதுக்கரைக்கு அப்பால் உள்ள குன்றின் மேல் லைசன்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுகிற எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்துக்கு ரிப்பீட்டர் கட்டியவனும் நான்தான்.

ரிப்பீட்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: நம் கையில் இருக்கும் சின்ன வாக்கிடாக்கியின் சத்தம் ரொம்பத் தூரம் போகாது. உயரமான இடத்தில் ஒரு பெட்டியை வைத்தால், அது அந்தச் சத்தத்தை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பி விடும். குன்றின் மேல் அந்தப் பெட்டி இருப்பதால்தான் பொள்ளாச்சியில் தோப்பில் உட்கார்ந்திருப்பவரும் அவினாசியில் கடையில் உட்கார்ந்திருப்பவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோலப் பேசிக்கொள்கிறார்கள். பெட்டி, கம்பம், கேபிள், பேட்டரி, சோலார் தகடு, இடிதாங்கி, அதற்குக் குழி வெட்டிக் கரியும் உப்பும் போட்டது, எல்லாம் என் கை.

ஆனால் குன்றின் மேல் ஒரு கருங்கல் பதித்திருக்கிறது. அதில் "வடிவமைத்து நிறுவியவர்" என்று எங்கள் சங்கத் தலைவரின் பெயர் இருக்கிறது. என்னைப் பற்றி ஒரு எழுத்தும் இல்லை. நான் இதை எழுதுவது அந்தக் கல்லுக்காகத்தான்.

இந்தப் பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்றும் சொல்ல வேண்டும். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் கடையில் வேலை பழகிய காலத்தில், காயில் என்ற சாமான் எதில் இருந்தாலும் அதை எங்கள் கடைக்கே கொண்டு வந்து போடுவார்கள். அப்படி வந்த ஒரு வால்வு ரேடியோவை யாரும் திரும்பி வாங்க வரவில்லை. முதலாளி, "எடுத்துக்கிட்டுப் போ, எடத்தை அடைக்குது" என்றார். பழுது பார்த்துக் கம்பி மாட்டித் திருகினேன். சீழ்க்கை மாதிரி ஒரு சத்தம், அடுப்பில் எண்ணெய் பொரிவது மாதிரி ஒரு சத்தம், அப்புறம் சட்டென்று எங்கோ வெளிநாட்டில் இருந்து ஒரு பெண் சுத்தமான தமிழில் செய்தி வாசிக்கிறாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பஸ் ஏறி உக்கடம் தாண்டாதவனைத் தேடி ஒரு குரல் கடல் தாண்டி வருகிறது, அதுவும் நான் கட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு! நிகழ்ச்சி எப்படிக் கேட்கிறது என்று தபாலில் எழுதிப் போட்டேன். படம் போட்ட அட்டை அனுப்பினார்கள். அப்படி வந்த அட்டைகள் என் வீட்டில் ஒரு சுவர் நிறைய ஒட்டியிருக்கின்றன. பெரிய பங்களாக்களில் சாமி படத்துக்குக்கூட அவ்வளவு இடம் கிடையாது.

இன்றைக்கும் விடியும் நேரத்தில் டீயை வைத்துக்கொண்டு சிற்றலையைத் திருப்புவேன். எல்.இ.டி. பல்பும் இன்வெர்ட்டரும் வந்தபிறகு ரேடியோவில் தெருவே இரைகிறது, உண்மைதான். அதனால் என்ன? வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பேட்டரியில் கேட்கிறேன். சூரியன் எழும்பும் அந்தக் கொஞ்ச நேரத்தில், அடைத்துக் கிடந்த கதவு திறந்த மாதிரி தூரத்து நிலையங்கள் எல்லாம் உள்ளே வரும். கைபேசியில் உலகமே கேட்கிறதே என்பார்கள். கேட்கட்டும். கடையில் வாங்கித் தின்கிற மீனும், தூண்டில் போட்டுப் பிடித்த மீனும் ஒன்றா?

கேட்டுக்கொண்டே இருந்தவன் பேசவும் ஆசைப்பட்டு லைசன்ஸ் வாங்கினேன். லைசன்ஸ் வாங்கியவனுக்கு அரசாங்கம் எழுத்தும் எண்ணும் சேர்த்து ஓர் அடையாளம் கொடுக்கும். அதற்குக் கால் சைன் என்று பெயர். காற்றில் எங்களுக்கு அதுதான் பெயர், ஊர், வம்சம் எல்லாம். பேச்சை முடிக்கும்போது "செவன்டி த்ரீ" என்று சொல்லி முடிப்போம். தந்திக்காரர்கள் காலத்து வழக்கம். நல்லா இருங்கள் என்று அர்த்தம். முன்பின் தெரியாத ரஷ்யாக்காரனுக்கும் அதைச் சொல்லாமல் ஒரு ஹாம் பேச்சை முடிக்க மாட்டான். வீட்டுக்கு வந்தவரை வாசல்வரை போய் வழியனுப்புகிற மாதிரி அது.

இனித் தலைவர். மில் வைத்திருந்த குடும்பம். பெரிய படிப்பு. சரவணம்பட்டிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருக்கிறார். இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். குன்றின் மேல் இடம் வாங்க, ஆபீஸ் ஆபீஸாகப் போய்ப் பேசிக் கையெழுத்து வாங்கியது அவர்தான். அதை நான் மறைக்கவில்லை. அவர் செய்ததை அவர் செய்தது என்று சொல்ல எனக்கு வாய் வலிக்கவில்லை. அவருக்குத்தான் வலிக்கிறது.

திறப்பு விழா அன்று கல்லைத் தூக்கிக்கொண்டு மேலே போனதே நான்தான். முகம் தெரியாமல் செய்தித்தாள் சுற்றிச் சாக்கில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். "ஏனுங்க, உங்க கை பட்டாத்தானுங்க நிக்கும்" என்றார் தலைவர். நான் பெருமையோடு சிமெண்ட் குழைத்தேன். ரசமட்டம் வைத்துப் பதித்தேன். இந்தக் கல்லில் நம் கால் சைன் எந்த வரிசையில் இருக்கும், மேலேயா கீழேயா என்று யோசித்துக்கொண்டே கரண்டியால் பூசினேன். வெய்யில் ஏறியதும் எல்லோரும் வந்தார்கள், தாளைக் கிழித்தார்கள், கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டேதான் படித்தேன். மேலே தலைவர் பெயர், அவர் கால் சைன். அடியில் பொடி எழுத்தில், "உதவி: சங்க உறுப்பினர்கள்."

பக்கத்தில் போய்க் கேட்டேன். "என்னங்க, என்ற கால் சைனைக் காணமுங்களே?"

அவர் தோளில் கை போட்டார். "அதானுங்க, உறுப்பினர்கள்னு போட்டிருக்குதுங்களே. நீங்களும் உறுப்பினர்தானுங்களே? உங்களை உட்டுப்போட்டு நாங்க ஏதாச்சும் செய்வமுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிறகு எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். எங்கள் ஊரில் மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. கழுத்தை அறுத்தாலும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் அறுப்பார்கள்.

அன்றோடு முடிவு செய்தேன். இந்த ஆளுக்கு இனி என் வாயில் செவன்டி த்ரீ வராது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்கு நெட் உண்டு. ஒருவர் ஒவ்வொரு கால் சைனாகக் கூப்பிட, மற்றவர்கள் ஆஜர் சொல்லி நாலு வார்த்தை பேசுவது வழக்கம். அதில் எல்லோருக்கும் செவன்டி த்ரீ சொல்வேன். தலைவர் முறை வந்தால், "கேட்டேனுங்க" என்று மட்டும் சொல்லி முடிப்பேன். இது வெளியாளுக்கு ஒன்றுமில்லாத விஷயம். ஹாம்களுக்குத் தெரியும். பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு ஓர் இலையை மட்டும் தாண்டிப் போவது போல அது.

கொஞ்ச நாளில் அவருக்கு உறைத்துவிட்டது. நெட்டிலேயே கேட்டார். "ஏனுங்க, எனக்குச் செவன்டி த்ரீ கெடையாதுங்களா?"

"உங்க சிக்னல் கீழ போயிருச்சுங்க. சரியாக் கேக்கலீங்க" என்றேன். நான் கட்டிய ரிப்பீட்டரில், மாவட்டம் முழுக்கக் கணீரென்று கேட்கிற குரலுக்குச் சொன்ன பதில் அது. பொள்ளாச்சிக்காரர் மைக்கை அழுத்தி இருமினார். இருமலா சிரிப்பா என்று எனக்குத் தெரியும்.

அடுத்து நடந்ததற்கு இரண்டு சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது டைமர். ஒருவர் மைக்கை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் ரிப்பீட்டர் தானாக நின்றுவிட ஒரு டைமர் வைத்திருந்தேன். தலைவருக்கோ பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. கம்பெனிக் கதை, வெளிநாட்டுப் பயணக் கதை என்று போகும்போது டைமர் வெட்டிவிடும். "தலைவர் பேசறப்பக் கட்டாவுதுங்க, நல்லாவா இருக்குது? அதைக் கழட்டிப்போடுங்க" என்று அவரே சொன்னார். கமிட்டியும் தலையாட்டியது. குன்றேறிக் கழற்றினேன்.

இரண்டாவது, மொபைல் ஸ்டார்ட்டர். எங்கள் பக்கத்தில் தோட்டத்து மோட்டாரை வீட்டில் படுத்துக்கொண்டே ஒரு மிஸ்டு கால் கொடுத்து ஓட விடுகிறோம், இன்னொரு மிஸ்டு கால் கொடுத்து நிறுத்துகிறோம். அந்தப் பெட்டியையே ரிப்பீட்டருக்கு மாட்டினேன். உலகத்தில் வேறு எவனாவது கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரை ரிப்பீட்டருக்கு வைத்திருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் அவனும் கொங்கு நாட்டுக்காரனாகத்தான் இருப்பான். அதில் பதிந்திருப்பது என் நம்பர் ஒன்றுதான். காற்றில் யாராவது ஏடாகூடம் செய்தால் நிறுத்த வேண்டியது என் பொறுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நெட் முடிந்து, கடையில் ஒரு சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டோடு ஒட்டின கடை. என் வீட்டம்மா வாசல்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மேஜை மேல் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஸ்பீக்கரில் கார் ஓடுகிற சத்தம் வந்தது. கூடவே யாரோ பாடுகிற சத்தம்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. காரில் இருக்கிற ரேடியோ செட்டின் மைக், சீட்டுக்கும் ஹாண்ட் பிரேக்குக்கும் நடுவில் மாட்டி அழுந்திக்கொண்டிருக்கிறது. ஹாம்களுக்கு மட்டுமே நேர்கிற கேடு இது. அழுந்திய மைக் பேசுவதையெல்லாம் வெளியே அனுப்பும். அனுப்புகிற செட்டில் வேறு யார் கூப்பிட்டாலும் கேட்காது. ஊரே கேட்டுக்கொண்டிருக்கும், பேசுகிறவனுக்கு மட்டும் தெரியாது. டைமர் இருந்திருந்தால் சிறிது நேரத்தில் வெட்டியிருக்கும். டைமரைக் கழற்றச் சொன்னவர்தான் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு சங்கடம். லைசன்ஸ் வாங்கும்போதே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது: உனக்கென்று சொல்லாத பேச்சு காதில் விழுந்தால் அதை வெளியே சொல்லக் கூடாது. நான் விதியை மீறாதவன். அதனால் அன்றைக்கு ஸ்பீக்கரில் வந்ததை நான் எழுதப் போவதில்லை. என் வீட்டம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன். அவளுக்கு லைசன்ஸ் கிடையாது.

அவள் சொன்னது இது.

"மொதல்ல அந்த மனுசன் பாட்டுப் பாடுனாருங்க. கேக்கறாப்பல இல்லை. பொறவு கூட இருந்தது அவரு சம்சாரத்தோட தம்பி போல இருக்குதுங்க, மாமா மாமான்னு பேசுச்சு. 'ஏனுங் மாமா, மலை மேல கல்லுல உங்க பேரு நல்லா எடுப்பா இருக்குதுங்க. அதெல்லாம் நீங்களே செஞ்சுபோட்டீங்களா?'ன்னு அந்தப் பையன் கேக்கறான். அதுக்கு இவரு, 'எனக்கெங்க தெரியும் மாப்ளே? அந்தக் கம்பத்துல எந்த ஒயரு எங்க போகுதுன்னு இன்னிக்குங்கூடத் தெரியாது. எல்லாம் அந்த வைண்டிங் கடைக்காரரு செஞ்சது'ங்கறாரு. அப்பறம் ஏனுங்க அவரு பேரைப் போடலீன்னு கேட்டான் பாருங்க, அந்தப் பையனுக்குப் புண்ணியமாப் போகட்டும். 'போட்டா, வர்றவனெல்லாம் இது யாருன்னு கேப்பான். மோட்டாருக்குக் காயில் சுத்தறவருன்னு சொல்றதா? நம்மளக் காலேஜ்ல பேசக் கூப்புடறாங்க. அஞ்சாவது படிச்ச ஆள மேடையேத்தி என்னத்தப் பேசச் சொல்றது? ஒரு சால்வையப் போத்தினோம், ஆளு குளுந்துட்டாரு'ன்னு சொல்லிச் சிரிக்கறாரு."

அவள் சொன்னது அதுவரை. இது என்னுடையது: என் கைபேசி என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. ஒரு மிஸ்டு கால் போதும், குன்றின் மேல் பெட்டி அணைந்துவிடும், தலைவரின் மானம் தப்பிவிடும். நான் கைபேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். ரேடியோவின் சத்தத்தை ஏற்றினேன்.

"ஏனுங்க, நிறுத்தோணுமில்லீங்க?" என்றாள் வீட்டம்மா.

"உனக்குக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குதுங்க."

"அப்ப ரிப்பீட்டரு நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். நல்லா வேலை செய்யறதை எதுக்கு நிறுத்தறது?"

கைபேசி அடித்தது. எங்கள் சங்கத்துச் செயலாளர். பேங்கில் இருந்து ரிட்டயர்டு ஆனவர். சாது. குரல் பதறியது. "ஏனுங்க, தலைவரு மைக்கு மாட்டிக்கிச்சுங்க. அவரு போனு சுவிட்ச் ஆஃபுங்க. ஊரே கேட்டுட்டு இருக்குதுங்க. சீக்கிரம் ரிப்பீட்டரை ஆஃப் பண்ணிப்போடுங்க."

"கையெல்லாம் கிரீஸுங்க. சித்த இருங்க, கழுவிட்டு வாரேன்."

"கிரீஸோடவே அமுத்துங்க சாமி!"

அப்போது ஸ்பீக்கரில், இதையும் வீட்டம்மா சொல்லித்தான் எழுதுகிறேன், மைத்துனர் கேட்டாராம், "செயலாளரு ஒண்ணும் கேக்க மாட்டாருங்களா மாமா?" என்று. "அவரா? மீட்டிங்குக்கு வர்றதே போண்டாவுக்கு மாப்ளே. சட்னி பத்தலீன்னாத்தான் வாயத் தொறப்பாரு."

போனுக்கு அந்தப் பக்கம் செயலாளரின் ரேடியோவிலும் அது கேட்டது. பிறகு அமைதியாகச் சொன்னார்:

"நீங்க கைய நல்லா சோப்புப் போட்டே கழுவுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

கார் கணபதி சிக்னலில் நின்றது, ஹாரன் அடித்தது, காந்திபுரம் வந்து நின்றது. கண்டக்டர்கள் ஊர் சொல்லிக் கூவுவது உட்பட அத்தனையும் கேட்டது. கதவு திறந்த சத்தத்துக்குப் பின்னால் மைத்துனர் குரல், இதுவும் வீட்டம்மா சொன்னதுதான்: "மாமா, இந்தச் செட்டுல செவப்பு லைட்டு எரியுதுங்களே, அது எப்பவும் எரியுமுங்களா?" அதோடு எல்லாம் நின்றது.

பிறகு தலைவர் தன் கால் சைனைச் சொல்லி, "டெஸ்டிங், டெஸ்டிங். யாராச்சும் இருக்கறீங்களா?" என்றார். பொள்ளாச்சி முதல் அவினாசி வரை அத்தனை பேரும் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்கள். நான் எடுத்தேன். என் கால் சைனை நிறுத்தி, நிதானமாகச் சொன்னேன்.

"உங்க சிக்னல் ரொம்ப நல்லா இருக்குதுங்க. சரவணம்பட்டியில இருந்து காந்திபுரம் வரைக்கும் ஒரு எடத்துலயும் கட்டாவலீங்க. எல்லாமே கேட்டேனுங்க."

செவன்டி த்ரீ சொல்லவில்லை.

வீட்டம்மா வெங்காயத் தட்டத்தோடு எழுந்தாள். "கண்ணு எரியுது" என்றாள். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு அப்படி இறங்கியது. என் வாழ்நாளில் சிற்றலையில் எத்தனையோ தூரத்து நிலையங்களைப் பிடித்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டதைப் போல இனிமையாக எதையும் கேட்டதில்லை.

இனிக் கல் மாறும் என்று நம்பினேன். ஊரே கேட்டிருக்கிறது, அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார், வேறென்ன சாட்சி வேண்டும்? அடுத்த மீட்டிங்கில் எழுந்து நின்று கேட்டேன். "மலை மேல கம்பத்தைக் கட்டுனது யாருன்னு இங்க இருக்கற எல்லாத்துக்கும் தெரியுமுங்க. கல்லை மாத்தோணுமுங்க."

ஒருவர் ஃபேனைப் பார்த்தார். ஒருவர் கைபேசியைப் பார்த்தார். செயலாளர் தொண்டையைச் செருமினார். அவர் முன்னால் இருந்த போண்டாவை அன்றைக்குத் தொடவே இல்லை, அதை நான் கவனித்தேன். ஆனாலும் தலைவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரே! செயலாளர் சொன்னார்:

"நீங்க எதைச் சொல்றீங்கன்னு புரியுதுங்க. ஆனா நமக்குன்னு சொல்லாத பேச்சு காதுல உழுந்தா, அதை வெளியில எடுக்கப்படாதுங்க. லைசன்ஸ் ரூல்ஸுங்க. கேட்டதைக் கேட்டம்னு நாம சொல்ல முடியாதுங்களே."

எல்லோரும் தலையாட்டினார்கள். எவ்வளவு நிம்மதியான தலையாட்டல்! விதியை அவர்கள் குடை மாதிரி விரித்து, அத்தனை பேரும் அதன் கீழே நின்றுகொண்டார்கள். தலைவர் என்னைப் பார்த்து, "டீ சாப்புடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டம்மா கேட்டாள், "அந்த ரூல்ஸு எனக்கு உண்டுங்களா?"

"உனக்கெப்படி? நீ லைசன்ஸா வெச்சிருக்கற?"

"அப்பச் சரிங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

பால் சொசைட்டியில் சொன்னாள். மாரியம்மன் கோயில் பூச்சாட்டுத் திருவிழாவில் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் சொன்னாள். நான் ரிப்பீட்டர் கட்டியதற்குப் பதில் அவளை வைத்தே வேலையை முடித்திருக்கலாம். கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவுகிற இடத்தில், தலைவரின் சம்சாரம் எதிரே வந்துவிட்டார். வீட்டம்மா கும்பிட்டாள், நலம் விசாரித்தாள், பாட்டுப் பாடியதில் ஆரம்பித்துச் செவப்பு லைட்டு வரைக்கும் சொல்லி முடித்தாள்.

அந்த அம்மா ஈரக் கையோடு நின்றார்களாம். "அம்மணி, அப்ப அந்தக் கம்பம் இவரு செஞ்சதில்லையா? ஒறம்பரை சனம் வந்தா மலையக் காட்டிக் காட்டி நானில்ல பெருமையடிச்சிட்டு இருந்தேன்?"

"அதை அவரையே கேளுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

கேட்டிருப்பார்கள் போல. தலைவர் என் கடைக்கு வந்தார். கடை தொடங்கியதில் இருந்து அவர் கால் வைத்ததில்லை. எண்ணெய்த் தரையில் செருப்பு ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துப் பார்த்து வந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை. திறந்திருந்த கதவு வழியே வீட்டுச் சுவரில் இருந்த அட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்த டைமரை மறுபடி மாட்டிப்போடலாமுங்களா?" என்றார்.

"கமிட்டி சொன்னா மாட்டறனுங்க. கமிட்டி சொல்லித்தானுங்களே கழட்டுனது."

கொஞ்சம் இழுத்தார். "ஊட்டுல ஒரே பேச்சாப் போச்சுங்க. கம்பம் துருப்புடிச்சிருச்சுன்னு மாத்தப் போறமில்லீங்க. அப்பக் கல்லையும் புதுசா வெச்சர்லாம். 'சிறப்பு உதவி'ன்னு போட்டு உங்க கால் சைனைத் தனியாப் போட்டர்றனுங்க. திருப்திதானுங்களே?"

"யாருக்குங்க உதவி?"

"என்னங்க?"

"நான் யாருக்கு உதவி செஞ்சேன்? செஞ்சவனே நான். எனக்கு நானே உதவி செஞ்சனுங்களா?"

அவர் முகம் சிவந்தது. "ரொம்பப் புடிவாதம் புடிக்கறீங்க."

"புடிச்சதாலதானுங்க அந்தக் கம்பம் காத்துல நிக்குது."

வந்த மாதிரியே பார்த்துப் பார்த்து வெளியே போனார். வாசலில் நின்று, பழக்கத்தில், "செவன்டி த்ரீங்க" என்றார். நான் மோட்டாரைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு சங்கத்து வாட்ஸப் குரூப்பில் அவர் புதுக் கல்லின் மாதிரியைப் போட்டார். "சிறப்பு உதவி" என்றே இருந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படம், கட்டைவிரல் படம். செயலாளர் ஒன்றும் போடவில்லை. அன்று மாலையே எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "நீங்க கேக்கறது நியாயமுங்க. எழுத்துல குடுங்க, நான் கமிட்டியில வெக்கறேன்." போண்டா விஷயம் அவருக்கும் இன்னும் ஜீரணமாகவில்லை.

அதனால் எழுத்தில் கொடுக்கிறேன். என் கதையை எழுதியதும், அதன் கடைசியில் இந்தக் கோரிக்கையைச் சேர்ப்பதும் அதற்காகத்தான்.

புதுக் கல்லில் முதல் வரி: "வடிவமைத்துக் கட்டியவர்." அதன் நேரே என் கால் சைன், என் பெயர், பெயருக்குக் கீழே "மோட்டார் வைண்டிங்" என்று என் தொழில். தொழிலை விடக் கூடாது. யார் இது என்று வர்றவனெல்லாம் கேட்க வேண்டும், தலைவர் நின்று பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது வரி: "இடத்துக்கு அனுமதி பெற்றுத் தந்தவர்." அதன் நேரே தலைவர். அவர் செய்ததை நான் பிடுங்கவில்லை. எழுத்து எல்லாம் ஒரே அளவு. உதவி என்ற சொல் கல்லில் எங்கேயும் இருக்கக் கூடாது.

பழைய கல்லை அலுங்காமல் எடுத்துப் பத்திரப்படுத்தலாம் என்று யாராவது நினைத்தால், அது நடக்காது. அது நான் வைத்த சிமெண்ட். உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைக்கும்போது எனக்குச் சொல்லி அனுப்புங்கள், வந்து நின்று பார்க்கிறேன். புதுக் கல்லை இந்தத் தடவை நான் தூக்கிவர மாட்டேன். தலைவர் தூக்கி வரட்டும். தாள் சுற்றாமல் வரட்டும்.

அதில் நான் கேட்டது கேட்டபடி இருந்தால், அங்கேயே மைக்கை எடுத்து, மாவட்டம் முழுக்கக் கேட்க, அவர் கால் சைனைச் சொல்லிச் செவன்டி த்ரீ சொல்கிறேன். இல்லையென்றால் அவர் நெட்டுக்கு வரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் பதில் அதேதான். கேட்டேனுங்க.

என் பெயரைப் போடுங்கள்.